ஹாரி பாட்டர் படித்தால் சாத்தான் வழிபாடா? பெற்றோர் குரூப்பில் வந்த செய்தி உண்மையா?

பெரம்பூர் அம்மா:

வணக்கம். என் மகள் ஆறாவது படிக்கிறாள். ஹாரி பாட்டர் மூன்றாவது புத்தகத்தில் மூழ்கிக் கிடக்கிறாள். போன வாரம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் நீளமாக ஒரு செய்தி வந்தது. இந்தக் கதைகளைப் படித்து அமெரிக்காவில் 1 கோடியே 40 லட்சம் பிள்ளைகள் சாத்தான் சபையில் சேர்ந்துவிட்டார்களாம். கதையை எழுதிய ரௌலிங் அம்மாவே இயேசுவைப் பழித்து லண்டன் பேப்பருக்குப் பேட்டி கொடுத்தாராம். போப்பாண்டவர் தடை போட்டுவிட்டாராம். 'இதை எந்த டிவியும் காட்டாது' என்று முடிகிறது. அடுத்த நூலக பீரியடில் பார்த்தால் அந்த வரிசைப் புத்தகங்கள் அலமாரியிலேயே இல்லை.

வீட்டில் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். மாமியார் ஜெபக்கூட்டத்துக்குத் தவறாமல் போகிறவர். அவர் உண்மையிலேயே பயப்படுகிறார், அதை நான் கேலி செய்ய மாட்டேன். வீட்டுக்காரர் வேறு ரகம். சர்ச்சுக்கு கிறிஸ்துமஸ் அன்று மட்டும் வருவார். ஆனால், "சன், கலைஞர், ஜெயா, மக்கள், எல்லாமே ஏதோ ஒரு கட்சி பக்கத்து சேனல். அவங்க மறைக்கிறதுதான் வாட்ஸ்அப்பில் வருது" என்கிறார். தேர்தல் நேரத்தில் ஒரே கூட்டத்தை ஒரு சேனல் மைதானம் நிறைய ஆளாகவும் இன்னொரு சேனல் காலி நாற்காலியாகவும் காட்டினால், நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?

செய்தி உண்மையா, பள்ளியில் என்ன கேட்கலாம், இரண்டும் தெரிந்தால் போதும்.

பழைய டெஸ்க், அம்பத்தூர்:

அந்த 1 கோடியே 40 லட்சத்துக்கு வயது இருபத்தைந்து ஆகிறது மேடம். 'தி ஆனியன்' என்று அமெரிக்காவில் ஒரு நையாண்டிப் பத்திரிகை உண்டு. அச்சு அசல் செய்தி போலவே எழுதுவார்கள், அத்தனையும் கற்பனை. 2000ஆம் ஆண்டு ஹாரி பாட்டரைக் கண்டு பயந்தவர்களைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரையில்தான் அந்த எண் வருகிறது. எதிரிகளைப் பழிவாங்க மந்திரம் கற்றுக்கொண்ட பத்து வயதுப் பையன் ஒருவன் அதில் பேட்டி கொடுப்பான். எழுத்தாளர் இயேசுவைப் பழித்த வரியும் அங்கே இட்டுக்கட்டியதுதான். யாரோ பத்திரிகையின் பெயரை வெட்டிவிட்டு மின்னஞ்சலில் சுற்றுக்கு விட்டார்கள். இப்போது தமிழாகி உங்கள் குரூப்புக்கு வந்திருக்கிறது.

கணக்கும் போட்டுப் பாருங்கள். அப்போது அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் சுமார் 7.2 கோடி. ஐந்து பிள்ளைகளில் ஒன்று சாத்தான் சபையில் என்றால், சபைக்கு இடம் போதாது!

போப் விஷயம் கொஞ்சம் சிக்கல். அதில் ஒரு துளி உண்மை உண்டு. 2003 மார்ச்சில், ஜெர்மனியில் ஒரு பெண்மணி ஹாரி பாட்டரை எதிர்த்துத் தான் எழுதிய புத்தகத்தை வத்திக்கானின் மூத்த குருக்களில் ஒருவரான கார்டினல் ராட்சிங்கருக்கு அனுப்பினார். அவர் பாராட்டிப் பதில் எழுதினார். இந்தக் கதைகள் தெரியாமல் மயக்குகின்றன என்ற கருத்தில் ஒரு வரி அதில் இருந்தது. தனிப்பட்ட கடிதம், அவ்வளவுதான். 2005 ஏப்ரலில் அவர் போப் ஆனார். ஜூலையில் ஆறாவது புத்தகம் வெளியாகிற சமயம் பார்த்துக் கடிதம் வெளியே வர, 'போப் எதிர்ப்பு' என்று உலகம் பூராவும் தலைப்பு. தடை என்று ஒன்று வரவே இல்லை. கடிதத்துக்கு ஒரு மாதம் முன்புதான் வத்திக்கான் செய்தியாளர் கூட்டத்தில் ஒரு பாதிரியார் இந்தக் கதைகளால் பிரச்சினை இல்லை என்று பேசியிருந்தார். 2009இல் வத்திக்கானின் சொந்த நாளிதழே ஆறாவது படத்தைப் பாராட்டி எழுதியது. இந்த இரண்டையும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் பல வருஷம் பத்திரிகையில் செய்தி திருத்தும் இரவு டெஸ்க்கில் உட்கார்ந்தவன். ஏஜென்சி செய்தி ஆங்கிலத்தில் வரும். பக்கம் முடிக்க நேரமாகிவிட்டது, நான்கு அங்குலம் காலி. உலகச் செய்தி ஒன்றை எடுத்து வேகமாகத் தமிழ் பண்ணுவோம். இடம் பற்றாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவோம். முக்கியமானது மேலே, குறைந்தது கீழே என்றுதான் செய்தி எழுதும் முறை. 'ஆனால் அந்தத் தரப்பு இதை மறுக்கிறது' என்கிற வரி எப்போதும் கடைசிப் பத்தியில் இருக்கும், முதலில் அதுதான் போகும். வாசகர் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மறுப்பே இல்லாத செய்தி. இதில் சதி எல்லாம் கிடையாது. ஆள் பற்றாக்குறை, அவசரம், தொலைபேசியை எடுத்து ஒருவரைக் கேட்கிற பழக்கமின்மை. இப்போது வெப்சைட்டுகளில் இடப் பிரச்சினை இல்லை, ஆனால் கேட்கிற பழக்கம் இன்னும் குறைந்துவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் சேனல்களை நம்பாதது நியாயம்தான். ஆனால் சேனலுக்கு யார் முதலாளி என்று நமக்குத் தெரியும், எந்தப் பக்கம் சாய்வார் என்று கழித்துப் பார்க்கலாம். ஃபார்வர்டுக்கு முதலாளியே இல்லை, எதைக் கழிப்பது? இன்னொன்றும் அவரைக் கேளுங்கள். அமெரிக்கப் பிள்ளைகள் சாத்தானைக் கும்பிடுவதை மறைத்தால் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு? நிஜமாக நடந்திருந்தால் எல்லா சேனலிலும் எட்டு மணி விவாதம் அதுதான்!

பள்ளிக்குக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். எந்தப் புத்தகத்தின் மேல், என்ன காரணம் சொல்லி, புகார் எழுத்தில் வந்ததா, படித்துப் பார்த்து முடிவெடுத்தது யார், இவ்வளவு கேட்டால் போதும்.

ராயபுரம் சண்டே ஸ்கூல் டீச்சர்:

சிஸ்டர், மாமியாரிடம் 'இது பொய்ச் செய்தி' என்று மட்டும் சொன்னால் எடுபடாது. அவர் மனதில் பைபிளின் உபாகமம் 18ஆம் அதிகாரம் இருக்கும். குறிசொல்லுதல், அஞ்சனம் பார்த்தல், சூனியம் எல்லாவற்றையும் கர்த்தர் விலக்கச் சொன்ன இடம். அதே பட்டியலில் 'நாள்பார்க்கிறவன்' என்றும் இருக்கிறது, ஆனால் நம் சபைக் குடும்பங்களிலேயே கல்யாணத்துக்கு அஷ்டமி நவமி பார்க்காதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அதை விடுங்கள்.

ஏழாவது புத்தகத்தில் ஒரு கல்லறைக் காட்சி வரும். ஹாரியின் அப்பா அம்மா கல்லறையில் எழுதியிருப்பது 1 கொரிந்தியர் 15:26, 'கடைசிச் சத்துரு மரணம்' என்கிற வசனம். இன்னொரு கல்லறையில் மத்தேயு 6:21, பொக்கிஷம் இருக்கும் இடத்தில் இருதயமும் இருக்கும் என்பது. கதையில் வசனம் என்று குறிப்பிட்டிருக்க மாட்டார்கள், வேதம் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மாமியாரோடு உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பேத்தியே வாசித்துக் காட்டட்டும். வாசித்த பிறகும் வேண்டாம் என்றால் அது அவர் விசுவாசம், விட்டுவிடுங்கள்.

வடபழனி வேதாளம்:

1947இல் இருந்து அம்புலிமாமா இதே சென்னையிலிருந்து மாதாமாதம் பேய், மந்திரவாதி, முனிவர் சாபம் எல்லாம் அனுப்பியது. என் பாட்டி வெள்ளிக்கிழமை விரதம் இருந்துகொண்டே விக்கிரமன் பிணத்தைத் தோளில் போட்டு நடக்கிற கதையை எங்களுக்கு வாசிப்பார். யாரும் மயானத்துக்குப் போகவில்லை.

கொளத்தூர் ஸ்டீபன்:

நான் எதிர்க்கட்சி. என் பையனுக்கு இந்தப் புத்தகங்கள் கிடையாது. மந்திரக்கோலை வைத்து நல்லவன் கெட்டவன் இரண்டு பேரும் ஒரே வித்தையைச் செய்கிற கதை எனக்கு உறுத்துகிறது. ஃபார்வர்டு பொய் என்று எனக்கும் தெரியும், அதனால் என் காரணம் மாறவில்லை.

டெஸ்க் சார், உங்கள் தொழில்மேல் எனக்கும் ஒரு புகார். 2001 டிசம்பரில் நியூ மெக்சிகோவில் அலமகோர்டோ என்ற ஊரில் ஒரு சபை இந்தப் புத்தகங்களை நெருப்பில் போட்டது. அந்த பாஸ்டர் ஒரு பக்கம்கூடப் படித்தவர் இல்லை. அந்தத் தீ எல்லா நாட்டுப் பத்திரிகையிலும் வந்தது. என்னைப் போல வீட்டில் சும்மா 'வேண்டாம்' என்று சொல்கிற அப்பாவிடம் ஒரு நிருபரும் வந்து ஏன் என்று கேட்டதில்லை. எதிர்ப்பவன் என்றாலே தீப்பெட்டியோடு நிற்பவன் என்று ஆகிவிட்டது.

ஆனால் பள்ளி அலமாரி என் வீட்டு அலமாரி இல்லை. சிஸ்டர் கடிதம் கொடுக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பழைய டெஸ்க், அம்பத்தூர்:

நியாயமான புகார், ஸ்டீபன் தம்பி. தீ என்றால் படம் கிடைக்கும். 'வேண்டாம்' என்று சொல்லும் அப்பாவுக்கு என்ன படம் போடுவது? டெஸ்க்கில் அப்படித்தான் யோசிப்போம்.

பெரம்பூர் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. கடிதம் எழுதிவிட்டேன், நாளை கொடுக்கிறேன். வீட்டுக்காரர் ஐந்தில் ஒன்று கணக்கைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் தன் கையெழுத்தையும் போடுகிறேன் என்றார். குரூப்பில் மட்டும் எதுவும் எழுதாதே என்று நிபந்தனை. மாமியார் ஏழாவது புத்தகம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, வாங்க வேண்டும்.