கமிஷன் வாங்கினேனாம்! அவதூறுக்கு ஆளானவர்கள் பகிரலாம்

முதல் பதிவு

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சங்கத்தில் நான் பொருளாளர். லிஃப்ட் பராமரிப்பு கான்ட்ராக்ட்டை வேறு கம்பெனிக்கு மாற்றினோம். அடுத்த வாரமே வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "இவருக்கு எவ்வளவு கமிஷன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். கணக்குல கை வைக்கிற ஆளு."

கொட்டேஷன்களை ஒப்பிட்டு, பொதுக்குழு ஒப்புதலோடுதான் மாற்றினோம் என்று மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கிறது. பேசிய மனிதரே அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்! அதை யார் புரட்டிப் பார்த்தார்கள்? மறுநாள் நான் லிஃப்ட்டில் ஏறியதும் உள்ளே பேச்சு நின்றது. வாட்ச்மேன்கூட ஒரு மாதிரி பார்த்தார் (என் பிரமையாகவும் இருக்கலாம்).

ஸ்டேஷனுக்குப் போனால், அவதூறுக்கு நேரடியாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நீங்களே புகார் கொடுங்கள் என்றார்கள். தட்டிக்கழிக்கிறார்கள் என்று நினைத்தேன். சட்டமே அப்படித்தான் என்றார் வக்கீல். பழைய இ.பி.கோ. 499, 500-க்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தின் 356-வது பிரிவு. இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும். இல்லாவிட்டால் சமூக சேவை. நஷ்டஈடு கேட்பது தனி சிவில் வழக்கு. அதற்குக் காலவரம்பு ஒரு வருடம்தான்.

வக்கீல் முதலில் கேட்டதே, "மெசேஜ் போன்ல அப்படியே இருக்கா? கேட்டவங்க யாராவது சாட்சி சொல்வாங்களா?" என்றுதான். நல்லவேளை, கோபத்தில் குழுவிலிருந்து வெளியேறவில்லை.

வக்கீல் மூலம் அனுப்பிய நோட்டீஸில் பணம் கேட்கவில்லை. அதே குழுவில், பேசியவர் குரலிலேயே மறுப்பு வர வேண்டும் என்றோம். "வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டுடறேன் சார்" என்றார். ஊருக்கெல்லாம் கேட்கும்படி பேசிவிட்டு, மன்னிப்பு மட்டும் என் காதோடா? இழுத்தடித்துக் கடைசியில் போட்டார்.

மறுமொழி 1

உங்களுக்காவது கையில் ஆதாரம் இருந்தது. புது வேலைக்கு ஆஃபர் வரும் நேரத்தில், புது கம்பெனி என்னைப் பற்றி விசாரித்த போனில் என் பழைய மேலாளர் "பண விஷயத்தில் நம்ப முடியாது" என்று சொல்லியிருக்கிறார். ஹெச்.ஆர். பெண் மனசு கேட்காமல் என்னிடம் சொன்னார். எழுதித் தரச் சொன்னால், "என் வேலை போயிடும்க்கா" என்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பழைய முதலாளி நல்லெண்ணத்தோடு தன் கருத்தைச் சொன்னால் சட்டத்தில் பாதுகாப்பு உண்டாம். தெரிந்தே சொன்ன பொய்க்கு அது கிடையாது. ஆனால் பொய் என்று தெரிந்துதான் சொன்னார் என்பதை எதை வைத்து நிரூபிப்பேன்? வழக்குப் போடவில்லை. இப்போது விசாரிப்புக்கு அவர் எண்ணைத் தருவதில்லை, அவ்வளவுதான்.

மறுமொழி 2

ஒருத்தர் தனி அறையில் என்னைத் திருடன் என்று கத்தினார். கேஸ் போடலாமா?

முதல் பதிவர்

மூன்றாவது ஆள் காதில் விழுந்ததா? விழவில்லை என்றால் அது அவதூறு ஆகாது. வலிக்கும்தான், ஆனால் பிறர் மத்தியில் உங்கள் பேர் கெட்டதா என்பதுதான் கேள்வி. இன்னொன்று: அவதூறு மெசேஜை யாராவது குழுவில் ஃபார்வர்டு செய்தால் அவர்களும் மாட்டுவார்கள். "எனக்கு வந்தது, அனுப்பினேன்" என்ற பதில் செல்லாது என்றார் எங்கள் வக்கீல்.