டப்பா மானிட்டரை மாற்றினால் பிள்ளையார் ஏன் குண்டாகிறார்?

பாலக்கோடு_டிடிபி:
வணக்கம். பாலக்கோட்டில் சின்னதாக ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, மனு டைப் அடிப்பது, இவைதான் வேலை. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர், பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர், கோரல், கூடவே 17 இன்ச் சிஆர்டி மானிட்டர், அதாவது பின்னால் பெரிய டியூப் இருக்கிற டப்பா. அதில் ஒரு மாதமாகப் படம் ஓரங்களில் சுருங்கி ஆடுகிறது, காலையில் போட்டால் பத்து நிமிடம் கழித்துத்தான் வெளிச்சமே வருகிறது. டியூப் வீக், இனிமேல் செலவு பண்ணாதீங்க என்று மெக்கானிக் சொல்லிவிட்டார்.

தெரிந்தவர் ஒருவர் தன்னுடைய 18.5 இன்ச் அகல எல்சிடியை இரண்டு நாளுக்குக் கொடுத்தார். மாட்டியதும் கறுப்புத் திரையில் 'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்று மட்டும் வந்தது. பழையதை மறுபடி மாட்டி எதை எதையோ மாற்றி எப்படியோ படம் வரவழைத்தேன். ஆனால் எழுத்தெல்லாம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி மங்கல், பத்திரிகையில் இருக்கிற பிள்ளையார் இன்னும் குண்டாகிவிட்டார், வட்டம் போட்டால் முட்டையாக வருகிறது. எல்சிடி என்றாலே இப்படித்தானா? நாள் முழுக்கப் பார்த்தால் கண் என்ன ஆகும்? பழையதை இரும்புக்கடையில் போட்டால் ஏதாவது கிடைக்குமா?

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
அண்ணா, மானிட்டர் மேல் தப்பு இல்லை, செட்டிங்தான். டப்பா மானிட்டரில் ரெசல்யூஷன் (அகலத்தில் எத்தனை புள்ளி, உயரத்தில் எத்தனை புள்ளி என்ற கணக்கு) 800x600 வைத்தாலும் 1024x768 வைத்தாலும் தெளிவாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே ஒரு கதிர்தான் கோடு கோடாகப் படத்தை வரைகிறது, எத்தனை கோடு சொன்னாலும் வரைந்துவிடும். எல்சிடியில் புள்ளிகள் எண்ணி வைத்து ஒட்டினது போல. அந்த 18.5 இன்ச்சில் பெரும்பாலும் 1366x768 புள்ளி இருக்கும். நீங்கள் பழைய பழக்கத்தில் 1024x768 வைத்திருப்பீர்கள், அது அகலத்துக்கு மட்டும் இழுத்து நிரப்புகிறது. அதனால்தான் எழுத்து மங்கல், பிள்ளையாருக்குத் தொப்பை.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' வந்ததற்குக் காரணம் ரெஃப்ரெஷ் ரேட், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை தடவை படம் புதிதாக வரையப்படுகிறது என்பது. டப்பாவில் கண் கூசக்கூடாது என்று யாரோ 85 ஹெர்ட்ஸ் வைத்திருப்பார்கள், சாதாரண எல்சிடி அதை ஏற்காது. மாற்றுவதற்கு முன்னால் பழைய மானிட்டரிலேயே 60 வைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். பழையது செத்தே போய்விட்டால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது எஃப்8 அழுத்தி, எந்த மானிட்டரும் ஏற்கிற விஜிஏ மோடில் உள்ளே போகலாம்.

60 என்றால் கண் கூசுமே என்று கேட்பீர்கள். டப்பாவில் ஒவ்வொரு தடவையும் திரை மங்கி மறுபடி எரிகிறது, அதனால் 60இல் துடிப்பது தெரியும். எல்சிடியில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, கோடு கோடாகத் துடிப்பதில்லை. ஆனால் கடையில் வரும்போது வெளிச்சம் நூற்றுக்கு நூறு இருக்கும், அதைப் பாதிக்குக் குறையுங்கள். கண்ணெரிச்சல் என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இவ்வளவுதான் வைத்தியம்.

இன்னொன்று. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டு பழசு என்றால் 1366 லிஸ்டிலேயே வராமல் போகலாம், ஏனென்றால் அது எட்டால் வகுபடாத எண், பழைய கிராபிக்ஸ் பலவும் 1360 வரைதான் காட்டும். அதனால் அகலம் வேண்டாம், சதுர 17 இன்ச் தேடுங்கள். 1280x1024, பெரும்பாலான பழைய போர்டுகளில் கிடைக்கும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழையது பார்க்கலாம், போட்டுக் காட்டச் சொல்லி வெள்ளைத் திரையில் ஒரு தடவை, கறுப்பில் ஒரு தடவை பாருங்கள், செத்த புள்ளி இருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

ஓசூர்_ஸ்டுடியோ:
எல்லாம் சரி, ஆனால் கலர் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நான் இன்னும் ஒரு டப்பாவை வைத்துக்கொண்டு அழுவதற்குக் காரணம் இருக்கிறது. விலை குறைந்த எல்சிடி பலவும் டிஎன் என்கிற வகைப் பேனல், நேராக உட்கார்ந்து பார்த்தால் ஒரு கலர், எழுந்து நின்றால் வேறு கலர். நம் தொழிலில் வாடிக்கையாளர் உட்காரவே மாட்டாரே, நம் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு மெரூன் வெளுத்துப் போச்சு, இன்னும் அடர்த்தியாக வை என்பார். அவர் பேச்சைக் கேட்டுப் பிரிண்ட் போட்டால் கறுப்பாக வரும். ஐபிஎஸ் என்கிற இன்னொரு வகைப் பேனல் கிடைத்தால் விடாதீர்கள், எந்தப் பக்கம் நின்றாலும் கலர் அவ்வளவாக மாறாது.

ஊத்தங்கரை_மண்டி:
கலர் பற்றி எனக்குத் தெரியாது, நான் மாங்காய் மண்டி கணக்கை விண்டோஸுக்கு முந்தைய டாஸில் போடுகிறவன், கறுப்பில் வெள்ளை எழுத்துதான். மாற்றினதில் எனக்குக் கிடைத்த லாபம் கரண்ட். பழைய 17 இன்ச் 80 வாட் எடுத்தது, இப்போது இருப்பது 20 வாட். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் என்றால் 0.6 யூனிட் மிச்சம், மாதம் 26 நாளுக்குப் பதினைந்து யூனிட்டுக்கு மேல். அதைவிட முக்கியம், சீசன் நேரத்தில் கரண்ட் போனால் அதே யூபிஎஸ்ஸில் பில்லை முடித்து சேவ் செய்ய நேரம் கிடைக்கிறது. முன்பெல்லாம் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தால் பாதி பில்லோடு போய்விடும்.

கிருஷ்ணகிரி_சர்வீஸ்:
பழையதைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்ல மறந்துவிட்டேன். தயவுசெய்து வீட்டில் பிரிக்காதீர்கள். டியூபின் உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச காலம் தங்கியிருக்கும், அடி வாங்கினவன் சொல்கிறேன். இரும்புக்கடையில் காயிலில் இருக்கிற செம்புக்காக டியூபை உடைப்பார்கள், அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. இ-வேஸ்ட் எடுக்கிறவர்கள் வரும்போது முழுசாகக் கொடுங்கள், காசு பெரிதாக வராது.

பாலக்கோடு_டிடிபி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் போய் சதுர 17 இன்ச் வாங்கி வந்தேன், வெள்ளை, கறுப்பு இரண்டும் போட்டுப் பார்த்துத்தான் எடுத்தேன், கடைக்காரர் முறைத்தார். 1280x1024, 60 வைத்தேன், பிள்ளையார் இளைத்துவிட்டார். டப்பா 17 இன்ச்சில் கண்ணுக்குத் தெரிவது 16தான், இதில் முழுசாக 17, அதனால் பார்க்கவே பெரிதாக இருக்கிறது. எழுத்துதான் பொடியாகிவிட்டது. விண்டோஸில் எழுத்து அளவைப் பெரிதாக்குகிற டிபிஐ செட்டிங்கை 96இலிருந்து 120 ஆக்கினேன், எழுத்து சரியானது, ஆனால் பில்லிங் சாஃப்ட்வேரில் 'சேவ்' பட்டன் திரைக்கு வெளியே போய்விட்டது. இப்போதைக்கு 96க்கே திரும்பி வந்து, பேஜ்மேக்கரில் ஜூம் வைத்து ஓட்டுகிறேன். வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டாயிற்று, உட்கார்ந்து பார்க்கட்டும். பழையது மேசைக்கு அடியில் கிடக்கிறது. அது இருந்த இடத்தில் லேமினேஷன் மெஷின்.