குறும்படத்துக்கு ராணுவச் சீருடை: சட்டம் என்ன, எதைத் தைப்பது?

தேனிக்_குறும்படம்:
வணக்கம். விடுப்பில் ஊருக்கு வரும் ஒரு சுபேதாரை (ராணுவத்தில் அதிகாரிகளுக்கு அடுத்த கீழ்நிலைப் பதவி) பற்றி 25 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். ஊர்க் காட்சிகள் பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் எடுக்கப்படும். நடுவில் எல்லைக் காவல் முகாம் காட்சி ஒன்று உண்டு, அதில் ஒரு மேஜரும் வருகிறார். இப்போதுள்ள புள்ளிக்கட்டப் (சிறு சதுரங்களால் ஆன உருமறைப்பு வடிவம்) போர்ச் சீருடையை வாங்கி உடுத்தலாமா? சட்டச் சிக்கல் வருமா? நட்சத்திரம், பதக்கம், தொப்பி எல்லாம் பிழையில்லாமல் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழக்கேடு:
சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவு (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 140) சொல்வது இதுதான்: படைவீரர் அல்லாத ஒருவர், தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்த உடையையோ அதைப் போன்ற உடையையோ அணிந்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேமரா முன்னால் நடிப்பவருக்கு அந்த நோக்கம் இல்லை. ஆனால் படப்பிடிப்பு முடிந்து அதே உடையில் டீக்கடைக்குப் போனால், அங்கே நிற்பவருக்கு அது நடிப்பு என்று எப்படித் தெரியும்? 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதற்குப் பிறகு, ராணுவ உடை போன்ற துணிகளை அணிய வேண்டாம் என்று ராணுவமே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது.

செய்ய வேண்டியவை: படப்பிடிப்புக்கு முன்பே உள்ளூர்க் காவல் நிலையத்தில் கடிதம் கொடுங்கள். தேதி, இடம், சீருடையில் வருபவர் எத்தனை பேர், பொம்மைத் துப்பாக்கி எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கட்டும். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட நகல் எப்போதும் கையில் இருக்க வேண்டும். சீருடையைப் படப்பிடிப்பு இடத்திலேயே மாட்டி, அங்கேயே கழற்றிவிட வேண்டும். வெலிங்டன், பரங்கிமலை போன்ற கண்டோன்மென்ட் (ராணுவக் குடியிருப்பு) பகுதிகளின் பக்கமே போக வேண்டாம். தடைசெய்யப்பட்ட இடத்துக்குள் நுழையச் சீருடையைப் பயன்படுத்தினால் அது அலுவல் ரகசியச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்குள் வரும், அங்கே தண்டனை 3 ஆண்டு வரை.

இன்னொன்று. ராணுவக் கதையுள்ள படங்களுக்கும் வெப் தொடர்களுக்கும் வெளியீட்டுக்கு முன் தடையில்லாச் சான்று வாங்கும்படி 2020 ஜூலையில் பாதுகாப்பு அமைச்சகம் கடிதம் எழுதியது. திரையரங்கிலோ ஓடிடியிலோ வெளியிடும் எண்ணம் இருந்தால் இப்போதே அதற்கு எழுதிப்போடுங்கள்.

பரேடு_கிரவுண்ட்:
கதையிலேயே ஒரு திருத்தம் தேவை. விடுப்பில் ஊருக்கு வருபவர் பொதுவாகச் சிவில் உடையில்தான் வருவார். பேருந்து நிலையத்தில் சீருடையில் இறங்குவது சினிமா வழக்கம். உங்கள் சுபேதாருக்குச் சட்டை, பேண்ட், ஒரு பச்சைக் கிட்பேக், ஒட்ட வெட்டிய முடி போதும். பொது இடத்தில் சீருடை என்ற தலைவலி பாதிக்கு மேல் அதோடு தீர்ந்துவிடும்.

முகாம் காட்சிக்குப் புள்ளிக்கட்டத் துணி வேண்டாம். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான அந்த வடிவமைப்பு ராணுவத்தின் பெயரில் பதிவாகியிருக்கிறது, வெளிச்சந்தையில் விற்க அனுமதி இல்லை. கடையில் தொங்கினால் அது போலி. கதையை 2022க்கு முன்னால் வைத்து, ஓஜி எனப்படும் வெற்று ஆலிவ் பச்சையில் தைத்துக்கொள்ளுங்கள்.

தோள்பட்டையில்தான் எல்லோரும் தவறுவார்கள். சுபேதாருக்கு இரண்டு நட்சத்திரம், லெப்டினென்டுக்கும் இரண்டு நட்சத்திரம். சுபேதாருக்கு நட்சத்திரங்களோடு சிவப்பு-மஞ்சள்-சிவப்புப் பட்டை இருக்கும், அதிகாரிக்கு அது இருக்காது. பட்டையை விட்டுவிட்டால் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தவர் திரையில் புது அதிகாரி ஆகிவிடுவார். காவல் உதவி ஆய்வாளரின் சிவப்பு-நீலப் பட்டையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், வாடகைக் கடையில் கவனமாகப் பாருங்கள். மேஜருக்கு நட்சத்திரமே இல்லை, சிங்கச் சின்னம் ஒன்று மட்டும். காலரில் சிவப்புத் துண்டு கர்னலிலிருந்துதான், மேஜருக்கு வைக்காதீர்கள்.

பெயர்ப்பட்டை வலது மார்பில், பதக்க ரிப்பன்கள் இடது மார்பில். உயர்ந்த பதக்கம் மார்பின் நடுவை ஒட்டி வரும். உங்கள் சுபேதாருக்கு 9 ஆண்டு, 20 ஆண்டு நீண்டகாலப் பணிப் பதக்க ரிப்பன்கள் கட்டாயம் இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று முழு ஊதா ரிப்பனைக் குத்திவிடாதீர்கள். அது பரம் வீர் சக்ரா, இதுவரை 21 பேர் மட்டுமே பெற்றது. அர்த்தம் தெரியாத ரிப்பன் எதையும் வைக்க வேண்டாம். கத்தி-இறக்கை கொண்ட பலிதான் சின்னமும் அப்படித்தான், பாரா (பாராசூட்) சிறப்புப் படையினருக்கு மட்டுமே உரியது. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் பேசுபொருளானது அதுதான்.

திரைத்துணி:
சின்னங்களைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. உண்மையான ரெஜிமென்ட்டின் சின்னத்தைப் போடாமல் கற்பனைச் சின்னம் ஒன்றை வார்ப்பதே நல்லது. மதராஸ் ரெஜிமென்ட்டின் யானை 1803 அஸ்ஸாயே போரின் நினைவாகக் கிடைத்தது. கதையில் அந்தப் படைப்பிரிவுக்கு வேலை இல்லாதபோது அதை எடுத்துக் குத்துவது முறையல்ல. பதவியைக் காட்டும் சின்னங்கள் மட்டும் அச்சு அசலாக இருக்கட்டும்.

தேனிக்_குறும்படம்:
மிக்க நன்றி. ஊர்க் காட்சிகளைச் சிவில் உடைக்கு மாற்றிவிட்டோம். பெரே எனப்படும் தட்டையான வட்டத் தொப்பி வாங்கியாயிற்று, ஆனால் தலையில் தோசை மாதிரி விரிந்து நிற்கிறது. என்ன செய்வது?

பரேடு_கிரவுண்ட்:
கம்பளித் துணியா என்று பாருங்கள். செயற்கை நூல் என்றால் என்ன செய்தாலும் படியாது, மாற்றி வாங்க வேண்டியதுதான். கம்பளி என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்து, முறுக்காமல் அழுத்திப் பிழியுங்கள். நடிப்பவரே தலையில் வைத்துக்கொள்ளட்டும். தோல் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் உயரத்தில் நேர்கோடாக இருக்க வேண்டும். சின்னம் இடது கண்ணுக்கு மேல் வரும். மீதித் துணியை வலது காதுப் பக்கம் இழுத்துப் படியவைத்து, காயும்வரை தலையிலேயே இருக்கட்டும். ஒரு தடவையில் படியாவிட்டால் மறுபடி நனையுங்கள். பின்னால் தொங்கும் நாடாவை முடிச்சிட்டு உள்ளே செருகிவிடுங்கள்.

அப்படியே ஒன்று: தொப்பி இல்லாத தலையோடு சல்யூட் அடிக்கவிடாதீர்கள், விறைப்பாக நின்றால் போதும். அடிக்கும்போது உள்ளங்கை முன்னால் தெரிய வேண்டும், கீழ்நோக்கி வைத்தால் அது கடற்படை சல்யூட். சுபேதார் சீக்கியர் அல்லாதவர் என்றால் தாடி கூடாது, மீசை இருக்கலாம்.