டாக்டர் ஆபீஸில் டயட்டீஷியனைப் பார்த்தவர்கள், பார்க்க வைத்தவர்கள்: பில் எப்படி வந்தது?

கோவைப்பெண், டாலஸ்

எல்லோருக்கும் வணக்கம். டாலஸ் பக்கத்தில் ஒரு டாக்டரின் ஆபீஸில் ஒன்பது வருடமாக டயட்டீஷியனாக (உணவு ஆலோசகராக) வேலை பார்க்கிறேன். போன வாரம் நடந்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபத்தொரு வயது அம்மா ஒருவர் மகளோடு வந்திருந்தார். தஞ்சாவூர்ப் பக்கம். சர்க்கரை நோய் பதினைந்து வருடமாக இருக்கிறது. "வீட்டில் அரிசி அளக்கும் டம்ளரைக் கொண்டு வாருங்கள்" என்று போனிலேயே சொல்லியிருந்தேன். துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். அடியில் பெயர் வெட்டிய பழைய எவர்சில்வர் டம்ளர். அதில் தண்ணீர் பிடித்து என் அளவுக் கப்பில் ஊற்றினோம். ஒன்றேகால் கப் இருந்தது. "ராத்திரிக்கு எனக்கு அரை டம்ளர் அரிசிதான்" என்று அவர் சொன்னது, வெந்த சோறாகப் பார்த்தால் இரண்டு கப்புக்குக் கிட்ட. அந்த அம்மா டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்.

கிளம்பும்போது மகளிடம் மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது: "இவ்வளவு நேரம் பேசிட்டோமே, பில் எவ்வளவு வருமோ?" விசாரித்தால், டாக்டர் இரண்டு வருடத்துக்கு முன்பே போகச் சொல்லியிருக்கிறார். பில்லுக்குப் பயந்தே வரவில்லை. அவருக்கு மெடிகேர் பார்ட் பி இருக்கிறது, அதாவது வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸில் டாக்டர் செலவுக்கான பகுதி. சர்க்கரை நோய்க்கு டயட்டீஷியனைப் பார்க்க அதில் அவர் கையிலிருந்து ஒரு காசு கொடுக்க வேண்டாம். 2011 முதல் இதற்குக் கோ-இன்ஷூரன்ஸும் (பில்லில் நம் பங்கு) கிடையாது, டிடக்டிபிளும் (இன்ஷூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை) கிடையாது. இரண்டு வருடம் வீணாகப் போனதே என்று எனக்குத் தாங்கவில்லை.

பில் எப்படிப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சந்திப்புக்குப் பில்லில் போடும் கோட் 97802. அடுத்தடுத்த சந்திப்புகளுக்கு 97803. இரண்டுமே 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட். குழுவாக உட்கார்ந்தால் 97804, அது 30 நிமிட யூனிட். அந்த அம்மாவோடு 10:05க்கு உட்கார்ந்து 10:58க்கு முடித்தேன், 53 நிமிடம். மூன்று யூனிட் போக எட்டு நிமிடம் மிஞ்சுவதால் நான்கு யூனிட் போடலாம். ஒரு நிமிடம் குறைந்திருந்தால் மூன்றுதான். அதனால் ஆரம்பித்த நேரத்தையும் முடித்த நேரத்தையும் குறிப்பில் எழுதாமல் நான் எழுந்திருப்பதே இல்லை.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். நோயாளியாக இருந்தாலும் சரி, ஆபீஸில் வேலை பார்த்தாலும் சரி.

மருமகள், எடிசன்

அக்கா, எங்கள் வீட்டுக் கதையையும் கேளுங்கள். மாமனாருக்குச் சிறுநீரகம் பாதியளவுதான் வேலை செய்கிறது, டயாலிசிஸ் இல்லை. கிரீன் கார்டில் வந்து ஐந்து வருடம் முடிந்ததும் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேர்த்தோம். நவம்பர் கடைசியில், டயட்டீஷியனைப் பார்க்கச் சொல்லி டாக்டர் ரெஃபரல் எழுதினார். முதல் வருடத்துக்கு மூன்று மணி நேரம் உண்டு என்று சொன்னார்கள். டிசம்பரில் ஒரு மணி நேரம் போய் வந்தோம். மீதி இரண்டு மணி நேரத்தைப் பொங்கலுக்குப் பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

ஜனவரியில் போனால், அந்த இரண்டு மணி நேரம் டிசம்பர் 31ஆம் தேதியோடு போய்விட்டது என்கிறார்கள். காலண்டர் வருடக் கணக்காம். புது வருடத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்கும் டாக்டரிடம் புது ரெஃபரல் வாங்க வேண்டும். யாராவது முன்பே சொல்லியிருந்தால் டிசம்பரிலேயே இன்னும் இரண்டு தடவை போயிருப்போம்.

போன அந்த ஒரு மணி நேரமே எவ்வளவு உதவியது தெரியுமா? உடம்புக்கு நல்லது என்று நான் தினமும் இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே அதிகம். அந்த டயட்டீஷியன் லேப் ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பி, அந்த எண்ணுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டுக் காட்டினார். அன்றைக்கே நிறுத்தினேன். அப்பளமும் ஊறுகாயும் குறைய இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

மதுரைக்காரன், அட்லாண்டா

நான் மெடிகல் பில்லிங்கில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். எங்களிடம் திரும்பி வரும் டயட்டீஷியன் க்ளெய்ம்களில் (இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் பில்களில்) நான் அதிகம் பார்ப்பது ரெஃபரல் கோளாறுதான். பல ஆபீஸ்களில் நோயாளியை வழக்கமாகப் பார்ப்பது நர்ஸ் பிராக்டிஷனர், மேற்படிப்புப் படித்து மருந்தும் எழுதும் நர்ஸ். அவரே ரெஃபரலும் எழுதிவிடுவார். மெடிகேர் அதை ஏற்காது. எம்.டி. அல்லது டி.ஓ. பட்டம் பெற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் இன்சுலின் எழுதலாம், ஆனால் டயட்டீஷியனிடம் அனுப்ப அவர் கையெழுத்து செல்லாது. சட்டம் அப்படி இருக்கிறது, எனக்கு இதில் உடன்பாடே இல்லை. ஊர்ப்புறங்களில் டாக்டரைப் பார்க்கவே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இன்னொன்று ஒரே நாள் விவகாரம். சர்க்கரை நோயாளிகளுக்கு டி.எஸ்.எம்.டி. என்று தனியாக ஒரு பயிற்சி உண்டு. முதல் தடவைக்குப் பத்து மணி நேரம் வரை மெடிகேர் கொடுக்கும், கோட் ஜி0108, ஜி0109. இதுவும் வேண்டும், டயட்டீஷியன் ஆலோசனையும் வேண்டும் என்றால் இரண்டுமே கிடைக்கும், ஆனால் ஒரே நாளில் இரண்டுக்கும் பணம் வராது. வயதானவரை இரண்டு முறை காரில் கூட்டி வர வேண்டாமே என்று ஒரு ஆபீஸில் நல்ல எண்ணத்தோடு ஒரே காலையில் வைத்தார்கள். ஒன்று நிராகரிக்கப்பட்டது.

மருமகள் அவர்களுக்கு ஒரு வார்த்தை: வருட நடுவில் நோய் நிலைமை மாறி, உணவு முறையையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் மறுபடி ரெஃபரல் எழுதினால் கூடுதல் நேரம் கிடைக்கும். ஜி0270 என்ற கோடில் போகும். மாமனாரின் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

புதுசு, சிகாகோ

நான் டயட்டீஷியனாகி இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் வேலை ஒரு சின்ன டாக்டர் ஆபீஸில். சேர்ந்த மூன்றாவது நாள் மேனேஜர் சொன்னார்: "உன் மெடிகேர் பதிவு வர நாளாகும். அதுவரை நீ பார்ப்பதை டாக்டர் என்.பி.ஐ.யில் 99213 என்று போட்டுவிடலாம்." என்.பி.ஐ. என்பது சிகிச்சை கொடுப்பவர் ஒவ்வொருவருக்கும் உள்ள அடையாள எண். 99213 என்பது டாக்டரே நோயாளியைப் பார்த்ததற்கான கோட். அவர் அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விசா நிலைமையும் ஒரு பக்கம். மறுநாள் போய், டயட்டீஷியனின் ஊட்டச்சத்துச் சிகிச்சையை 'இன்சிடென்ட் டு' முறையில், அதாவது டாக்டர் வேலையின் ஒரு பகுதி போல அவர் பெயரில், போட மெடிகேர் அனுமதிப்பதில்லை, என் சொந்த என்.பி.ஐ.யில்தான் போக வேண்டும் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. மேனேஜருக்குக் கோபம், ஆனால் டாக்டர் கேட்டுக்கொண்டார். மெடிகேரில் பதிவு செய்வதற்கான 855I படிவம் நிரப்பி, பணம் ஆபீஸுக்கே போகும்படி எழுதிக் கொடுத்தேன். பதிவு வரும் வரை மெடிகேர் நோயாளிகளை எனக்குக் கொடுக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன்.

உடல் பருமன் ஆலோசனைக்கான கோட் ஜி0447 மட்டும் வேறு மாதிரி. அது டாக்டரின் சேவை, அவருடைய மேற்பார்வையில் நாங்கள் செய்தால் அவர் பெயரில் போகலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பல ஆபீஸ்களில் தவறு நடக்கிறது. என்னைப் போலப் புதிதாகச் சேர்கிறவர்கள், யார் பெயரில் க்ளெய்ம் போகிறது என்று முதல் வாரமே கேளுங்கள். நம் பெயரில் போகாவிட்டால் நாம் செய்த வேலை எந்தக் கணக்கிலும் இருக்காது. எங்களுக்கு மெடிகேர் கொடுப்பது டாக்டர் கட்டணத்தில் 85 சதவீதம்தான். அதுவும் 2002ல்தான் கிடைக்க ஆரம்பித்தது.

நெல்லை, சன்னிவேல்

எனக்கு வயது 38, ஐ.டி. வேலை, கம்பெனி இன்ஷூரன்ஸ். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, கொலஸ்ட்ரால் அதிகம். டாக்டர் ஆபீஸிலேயே டயட்டீஷியனைப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து 240 டாலர் பில். டிடக்டிபிளில் போட்டுவிட்டார்கள்.

இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்து நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பேசிய பெண் பொறுமையாக விளக்கினார். க்ளெய்மில் சர்க்கரை எல்லைக்கோட்டுக்கான ஆர்73.03 மட்டும் இருந்திருக்கிறது. டாக்டர் குறிப்பில் கொலஸ்ட்ராலும் தெளிவாக இருந்தது, அது க்ளெய்மில் ஏறவில்லை. இதய நோய் அபாயம் உள்ளவர்களுக்கு உணவு ஆலோசனை என்பது என் பிளானில் தடுப்புச் சேவை, செலவில்லை. ஆபீஸில் சொன்னேன். குறிப்பைப் பார்த்துவிட்டு, கொலஸ்ட்ராலையும் சேர்த்து, தடுப்புச் சேவை என்று காட்டும் மாடிஃபையர் 33 போட்டு மறுபடி அனுப்பினார்கள். ஆறு வாரத்தில் பில் பூஜ்யமானது.

ஒரு சந்தேகம். ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட என் அம்மாவுக்கும் எல்லைக்கோடுதான். மெடிகேர் இருக்கிறது. அவரையும் கூட்டிப் போகலாமா?

கோவைப்பெண், டாலஸ்

நெல்லை, அம்மாவுக்கு எல்லைக்கோடு மட்டும் என்றால் மெடிகேர் டயட்டீஷியனுக்குக் கொடுக்காது. சர்க்கரை நோய், டயாலிசிஸ் இல்லாத சிறுநீரக நோய், சிறுநீரக மாற்று செய்து 36 மாதங்களுக்குள், இவ்வளவுதான் பட்டியல். ஆனால் எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கென்று சர்க்கரைத் தடுப்புத் திட்டம் ஒன்றை மெடிகேர் 2018 முதல் நடத்துகிறது. எடையும் ரத்தப் பரிசோதனையும் அவர்கள் சொல்லும் அளவுக்குள் இருந்தால் செலவில்லாமல் சேரலாம். டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், அவர்களாகச் சொல்வது குறைவு.

புதுசு, நீங்கள் மறுநாள் போய்ப் பேசினீர்களே, அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். எங்கள் ஆபீஸில் யாராவது புதிதாகச் சேர்ந்தால் முதல் நாளே இதைத்தான் சொல்லப் போகிறேன்.

தஞ்சாவூர் அம்மா அடுத்த வியாழக்கிழமை மறுபடி வருகிறார். இந்த வருடக் கணக்கில் அவருக்கு இன்னும் எட்டு யூனிட் இருக்கிறது, இதை மகளிடம் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டேன். இந்த முறை எண்ணெய் ஊற்றும் கரண்டியைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.