பண்டாரவளை வீட்டை அவை ஏன் வித்தவை?

குழு: எங்கட வீட்டாக்கள் (வெள்ளவத்தை)

நான்: எல்லாரும் சாப்பிட்டாச்சோ. நேற்று இரவு தான் பண்டாரவளையில இருந்து வந்து சேர்ந்தனாங்கள். ஒரு விஷயம் மனசுக்குள்ள உறுத்திக்கொண்டே இருக்கு, இஞ்ச போட்டா ஆராவது யோசிச்சுச் சொல்லுவியள். நாங்கள் வாங்கின அந்த வீட்டை முந்தி இருந்த ஆக்கள் ஏன் வித்தவை?

பெரியக்கா: பிள்ளையள் ஒஸ்ரேலியாவில, தாங்கள் ரெண்டு பேரும் வயசு போன சனம் எண்டு தானே சொன்னவை. உது காணாதே

நான்: நானும் அதைப் பொய் எண்டு சொல்லேல்ல அக்கா. ஆனா மாசி மாசம் வீடு எழுதேக்க கிணத்தில தண்ணி எட்டிப் பிடிக்கலாம் போல கிடந்தது, இப்ப பிள்ளையளின்ர ஆவணி லீவுக்குப் போய் நிண்டா அடியில தான் மினுங்குது. வாளிக் கயிறைப் பார்த்தா பழைய கயிறோட புதுக் கயிறு முடிஞ்சு நீட்டி இருக்கினம். குசினிப் பின்சுவரில ஜன்னல் மூலையில இருந்து கூரை மட்டும் சரிவா ஒரு கோடு, புதுப் பெயின்ட் அடிச்சபடியா கண்ணுக்குத் தெரியாது, கையால தடவினா வெடிப்பை அடைக்கப் பட்டி வைச்ச இடம் மேடா தட்டுப்படுது. மற்றது கேற்றடியில இருந்து பின்னால தண்ணி டாங்க் வரைக்கும் மண்ணுக்குள்ளால ஒரு பைப் போகுது, கேற்றடி முனையில மூடி போட்டிருக்கு, அது எதுக்கெண்டு விளங்கேல்ல

தம்பி: சின்னக்கா அது பவுசர் பைப். றோட்டில தண்ணி கொண்டுவாற பவுசர் லொறி நிண்டபடி ஹோஸைப் பூட்டி டாங்குக்கு அடிக்கிறது. எங்கட தெஹிவளை ஃபிளாட்டிலயும் கீழ அப்படி ஒண்டு இருக்கு

நான்: அப்ப அவை தண்ணி காசுக்கு வாங்கி இருக்கினம்

மச்சாள்: ஐயோ மச்சாள் சுவரும் வெடிச்சு தண்ணியும் இல்லையெண்டா எனக்குப் பயமாக் கிடக்கு. மீரியபெத்தையில மண் சரிஞ்சதும் அந்தப் பக்கம் தானே

சின்ன மாமா: பிள்ளை பதறாதேங்கோ, ஒவ்வொண்டாச் சொல்லுறன். மீரியபெத்தை கொஸ்லந்தையில, 2014 ஒக்டோபர் 29, அது வேற கதை. பண்டாரவளைக்கு இன்னொரு கதை இருக்கு. உமா ஓயா ஆத்துத் தண்ணியைத் திருப்புற திட்டத்துக்கு டைரபாவில இருந்து கரந்தகொல்லப் பக்கம் 15 கிலோமீற்றர் கிட்ட மலைக்குள்ளால சுரங்கம் வெட்டினவை, அதே 2014 டிசம்பரில வெட்டிக்கொண்டு போகேக்க நிலத்தடித் தண்ணி சுரங்கத்துக்குள்ள உடைச்சுப் பாய்ஞ்சது, சுற்றுவட்டாரக் கிணறுகள் வத்தினது, ஊத்துகள் நிண்டது, ஆயிரக்கணக்கான வீடு வெடிச்சது எண்டு சனம் 2017இல பண்டாரவளை ரவுனை அடைச்சுப் போராட்டம் செய்தது பேப்பர் எல்லாம் வந்தது. கடைசியா 2024 ஏப்ரலில தான் திட்டத்தைத் திறந்தவை. உங்கட சுவர் அதால வெடிச்சதெண்டு நான் சொல்ல மாட்டன், மலையை வெட்டி நிரவிக் கட்டின வீடு தன்பாட்டிலயும் இறங்கும். ஆனா கேக்க வேண்டிய கேள்வி

சின்ன மாமா: இன்னொண்டு. ஊவாப் பக்கம் எங்கட கொழும்பு மாதிரி இல்லை. இஞ்ச வைகாசி ஆனியில கொட்டுற மழை மலையைத் தாண்டி அங்கால போறது குறைவு. ஜூன் தொடக்கம் செப்டெம்பர் மட்டும் வறட்சி, ஐப்பசி கார்த்திகையில தான் கிணறு ஊறும். அங்க வீடு பார்க்கிற ஆக்கள் ஆவணியில போய்க் கிணத்தை எட்டிப் பார்க்கவேணும்

பெரியக்கா: உறுதியில சிக்கல் ஒண்டும் இல்லையே?

நான்: இல்லை அக்கா. லோயர் காணிப் பதிவகத்தில 30 வருஷம் பின்னுக்குப் போய்த் தேடினவர், ஈடும் இல்லை வழக்கும் இல்லை, பிளானும் சரி. கிணறு வத்தினதை உறுதியில எழுத மாட்டினம் தானே

தம்பி: அப்ப நேர வீட்டை வித்த அந்த அன்ரிக்கே போன் எடுங்கோவன். பக்கத்து வீட்டில கேட்டா ஆளாளுக்கு ஒரு கதை வரும்

நான்: எடுக்கத்தான் போறன். சண்டைக்கு இல்லை, இனி நாங்கள் தான் அந்த வீட்டில இருக்கப் போறம், அது பட்டதெல்லாம் எனக்குத் தெரியவேணும்

(பின்னேரம்)

நான்: கதைச்சிட்டன். ஒண்டையும் மறைக்கேல்ல, கேட்ட உடன சொன்னா. முந்தி அந்தக் கிணறு வருஷம் முழுக்க வத்தாதாம், ஒரு காலத்தில ஒரேயடியாக் கீழ போட்டுதாம், பிறகு பாதி வந்ததாம். ஆவணி புரட்டாதிக்கு பவுசர். அங்கிள் முழங்கால் வருத்தத்தோட கீழ ஊத்தடியில இருந்து தண்ணிக் கான் தூக்கிக்கொண்டு படி ஏறுறவராம், ஒருநாள் வழுக்கி விழுந்தாப்போல தான் பிள்ளையள் வித்துப்போட்டு வாங்கோ எண்டு நிண்டவை. ஊரெல்லாம் தெரிஞ்ச விஷயம், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் எண்டு நினைச்சன் மகள் எண்டா. சுவர் வெடிப்பு பழசு, பெருக்கேல்ல எண்டுறா

பெரியக்கா: பாவம் அந்த மனுசன். எனக்கு அந்தக் கான் தூக்கினது தான் நெஞ்சுக்க நிக்குது

நான்: எனக்கும். மற்றது அக்கா, ஊர்த் தண்ணிச் சங்கம் ஒண்டு ஊத்தில இருந்து பைப் போட்டிருக்கினமாம், அவையின்ர பேரில இணைப்பு இருக்கு, பேர் மாத்தித் தாறனெண்டு சொன்னா

சின்ன மாமா: அதை முதல் செய்யுங்கோ. வெடிப்பு பெருக்கேல்லையோ எண்டதை வாய்ச்சொல்லில விடாதேங்கோ. பட்டியைச் சுரண்டிப் போட்டு வெடிப்புக்குக் குறுக்கால மெல்லிய கண்ணாடித் துண்டு ஒண்டை சீமெந்தால ஒட்டி, ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு கீறித் திகதி எழுதுங்கோ. கண்ணாடி உடைஞ்சா சுவர் அசையுது. அப்பிடியெண்டா மேசன்பாஸைக் கூப்பிடாமல் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதுங்கோ, மண்சரிவு ஆபத்துப் பார்க்கிறதும் அவை தான். கூரை ஓரத்தில பீலி போட்டு மழைத்தண்ணியும் பிடியுங்கோ, 1000 சதுர அடிக் கூரையில ஒரு இஞ்சி மழை விழுந்தா 2300 லீற்றர் வரும்

மச்சாள்: அப்ப வீட்டை வைச்சிருக்கிறியளோ மச்சாள்?

நான்: ஓம் வைச்சிருப்பம். இப்ப தான் அது எங்கட வீடு மாதிரிக் கிடக்கு. தம்பி, அடுத்த சனி வான் இருக்கோ? கண்ணாடித் துண்டு நான் வெட்டுவிச்சுக்கொண்டு வாறன், ஏணி அங்க இல்லை

தம்பி: இருக்கு. ஏணியை மேல கட்டுவம், விடிய 4 மணிக்கு வெளிக்கிடுங்கோ, பெலிஹுல்ஓயா தாண்டினாப் பிறகு சாப்பிடுவம்