அடலிமுமாப் ஊசிக்கு முன் டி.பி. மாத்திரை எதற்கு?

தையல்மிஷின், ராஜபாளையம்
வயது 43. வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். பன்னிரண்டு வருடமாகத் தலையிலும் முழங்கையிலும் சொரியாசிஸ் என்ற தோல் நோயின் செதில். போன வருடம் வலது ஆள்காட்டி விரல் அடியிலிருந்து நுனி வரை ஒரே கனமாக வீங்கியது. நகத்தில் ஊசியால் குத்தினாற்போலக் குழிகள். காலையில் கத்தரிக்கோல் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகிறது. சொரியாசிஸோடு வரும் மூட்டுவாதமாம். அதற்கு வாரம் 15 மி.கி. மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எட்டு மாதம் சாப்பிட்டும் காஜா எடுக்க முடியவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடலிமுமாப் ஊசி போடலாம் என்றார் டாக்டர். ஆனால் டி.பி. ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். இருமல் இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். ஆறு மாதம் ஐசோனியாசிட் என்ற டி.பி. மாத்திரை சாப்பிட வேண்டுமாம். ஒரு மாதம் சாப்பிட்ட பிறகுதான் முதல் ஊசி. எனக்கு டி.பி. இருக்கிறதா, இல்லையா? மாமியார் என் தட்டைத் தனியாக வைக்கச் சொல்கிறார்.

சாக்பீஸ், நாகர்கோவில்
சகோதரி, தட்டைத் தனியாக வைக்க வேண்டாம். எனக்கும் இதே முடிவுதான் வந்தது. கிருமி உடம்பில் உறங்குகிறது. நோயாகவில்லை, யாருக்கும் ஒட்டாது. நம் நாட்டில் ஏராளமானோர் இப்படித்தான் தெரியாமலே நடமாடுகிறோம். அந்தக் கிருமியைச் சுற்றி உடம்பு சுவர் கட்டி வைத்திருக்கிறது. அந்தச் சுவர் நிற்க டி.என்.எஃப். என்ற பொருள் வேண்டும். நம் விரலை வீங்க வைப்பதும் அதே டி.என்.எஃப். தான். ஊசி அதை அடக்கும்போது சுவரும் தளரும். அதனால்தான் மாத்திரை முதலில். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அந்த ஒரு மாதக் காத்திருப்பு பொறுத்தது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கரும்பலகையில் முழுப் பாடமும் எழுதினேன். எல்லோருக்கும் அவ்வளவு சீக்கிரம் கேட்காது. மூன்று மாதமாவது பொறுங்கள்.

வார்டு சிஸ்டர்
ஐசோனியாசிட்டோடு வைட்டமின் பி6 மாத்திரை எழுதியிருக்கிறார்களா பாருங்கள். இல்லாவிட்டால் கை கால் மதமதக்கலாம், ஊசி நூல் கோக்கிற உங்களுக்கு அது பெரிய தொந்தரவு. மெத்தோட்ரெக்சேட், ஐசோனியாசிட் இரண்டுமே கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை. ரத்தப் பரிசோதனைத் தேதியைத் தவற விடாதீர்கள். கண் மஞ்சளித்தால், சிறுநீர் கருத்தால் உடனே போங்கள். ஊசி ஆரம்பித்த பின் காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசியை நீங்களாகப் போடாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

ஊசி மருந்தை ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்துவிட்டால் பயன்படாது. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். போடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்துவிட்டால் எரிச்சல் குறையும். தொடை, வயிறு என்று இடம் மாற்றிப் போடுங்கள். தொப்புளிலிருந்து மூன்று விரல் தள்ளி.

தையல்மிஷின்
சுவர் கதையை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். தட்டு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. சீட்டில் பி6 இல்லை சிஸ்டர். நாளை போய்க் கேட்கிறேன்.