ஐப்பசி மழைக்கு முன்: குமரி மாவட்டத்து ஆற்றங்கரைத் தெருக் குழு

டீச்சர் அக்கா, மாலை 6:12
அனைவருக்கும் வணக்கம். ஐப்பசி பிறக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. 2021 நவம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது, தண்ணீர் நடையைத் தொட்ட பிறகுதான் நாம் ஒவ்வொருவரும் என்ன செய்வது என்று யோசிக்கத் தொடங்கினோம். எங்கள் அலமாரியின் இரண்டாம் தட்டில் அன்றைய சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. அதைத் துடைக்க வேண்டாம் என்று நான்தான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த முறை எப்போது கிளம்புவது, யார் யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்ற இரண்டையும் இன்றே முடிவு செய்துவிடுவோம்.

கீழ்விளை அண்ணன், மாலை 6:20
டீச்சர் சொல்வது சரிதான். ஆனால் அணை திறப்பதாக மழைக்காலம் முழுவதும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தால் வேலைக்குப் போவது எப்போது? எனக்குப் பசு இரண்டும் ஆடு ஐந்தும் உண்டு. பள்ளிக்கூட முகாமில் மாட்டைக் கட்ட இடமில்லை என்பதால்தான் அன்றைக்கு நான் வீட்டை விட்டு நகரவில்லை.

வள்ளக்கார மாமா, மாலை 6:34
மக்கா, எல்லாச் செய்திக்கும் ஓட வேண்டியதில்லை, எந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்திருந்தால் போதும். பேச்சிப்பாறையும் சிற்றாறு அணைகளும் நிறைந்து வழிவது கோதையாற்றில் வரும், பெருஞ்சாணி அணையில் மிஞ்சுவது பரளியாற்றில் வரும். இரண்டும் திருவட்டாறு மூவாற்றுமுகத்தில் கூடி, குழித்துறையைக் கடந்து, நம் கரையை உரசிக்கொண்டு போய்த் தேங்காப்பட்டணத்துப் பொழிமுகத்தில் கடலில் விழ வேண்டும். எல்லா அணைகளும் சேர்ந்து திறந்து, மலையிலும் மழை விடாமல், அன்றைக்கு வாவும் (அமாவாசையோ பௌர்ணமியோ) வந்து கடல் ஏறி நின்றுவிட்டால், பொழியில் இறங்க வழியில்லாத தண்ணீர் நம் ஏலாவுக்குள், அதாவது தாழ்ந்த வயல்வெளிக்குள்தான் திரும்பும். என் அப்பா காலத்தில் அந்த ஏலா முழுக்க நெல். வந்த தண்ணீர் அதிலேயே கிடந்து மெல்ல வடியும். அதில் பாதியை நாமே மண்ணடித்து நிரப்பி வாழையும் வீடுமாக ஆக்கிவிட்டோம். அங்கே கிடக்க வேண்டிய தண்ணீர்தான் இப்போது அடுக்களையில் வந்து நிற்கிறது.

டீச்சர் அக்கா, மாலை 6:47
மாமா சொன்னதை வைத்தே நமக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். பேச்சிப்பாறையின் முழு அளவு 48 அடி, பெருஞ்சாணியின் முழு அளவு 77 அடி. முதலாவது 42 அடியையோ இரண்டாவது 71 அடியையோ எட்டிய அன்றே பத்திரங்கள், ரேஷன் கார்டு, மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்க வேண்டும், மாடு மேட்டுக்குப் போய்விட வேண்டும். குழித்துறைச் சப்பாத்துப் பாலத்தின் (தாழ்ந்த தரைப்பாலத்தின்) மேல் தண்ணீர் ஏறிவிட்டால், இங்கே வெயில் அடித்தாலும் சரி, முதியோரும் பிள்ளைகளும் கிளம்பிவிட வேண்டும், ஏனென்றால் மழை பெய்வது நம் தலைக்கு மேல் அல்ல, மலையில். இருட்டிய பிறகு யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மாலை 4 மணிக்குச் சந்தேகம் இருந்தால் அன்று இரவு பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை.

பாறசாலைச் சித்தப்பா, இரவு 7:05
கேரளத்தில் 2018 ஆகஸ்டில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 26 ஆண்டுகளுக்குப் பிறகு இடுக்கி நீர்த்தேக்கத்தின் செறுதோணி அணை மதகுகள் திறந்தன, மாநிலம் முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கடற்கரை மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் வரை போய் மக்களை மீட்டார்கள். அப்படிப் போன என் நண்பர் ஒருவர் சொன்னது இன்றும் மனதை விட்டுப் போகவில்லை: எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று சொல்ல ஆளில்லாமல், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியதிலேயே பாதி நேரம் போய்விட்டதாம். ஆகவே வீடு வாரியாக ஒரு பட்டியல் எழுதி, போன் அணைந்துபோனாலும் உதவும்படி காகிதத்தில் ஒரு பிரதியை வார்டு உறுப்பினரிடம் கொடுத்து வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் அதன் மேலேயே பெரிதாக எழுதுங்கள்.

நர்ஸ் தங்கச்சி, இரவு 7:18
பட்டியலை நான் எழுதுகிறேன், அக்கா. இன்சுலின் போடும் பாட்டாவுக்கு ஐஸ் வைத்த குடுவை ஒன்று தனியாக வேண்டும். சென்ற முறை தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் கிணற்று நீரை அப்படியே எடுத்துவிட்டீர்கள். கழிப்பறைக் குழியும் கிணறும் ஒரே தண்ணீரில் கிடந்ததை மறக்க வேண்டாம். 1,000 லிட்டருக்கு 5 கிராம் என்ற கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் ஊற்ற வேண்டும், அதன் பிறகும் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். சேற்றில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க வாரம் ஒரு முறை டாக்சிசைக்ளின் தருவார்கள், அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தாமாக எடுக்கவே கூடாது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். முகாமில் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதால் போன தடவை பெண்கள் பலர் இரண்டு நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். தாழ்ப்பாளும் விளக்கும் மழைக்கு முன்பே போடப்பட வேண்டும். அதற்கான செலவை நாம் பகிர்ந்துகொண்டாலும் பரவாயில்லை.

வள்ளக்கார மாமா, இரவு 7:26
தாழ்ப்பாளை நான் வாங்கிப் போட்டுவிடுகிறேன், மகளே. கீழ்விளைத் தம்பி, என் தங்கையின் மேட்டு விளையில் முன்பு ரப்பர் பாலை ஷீட்டாக அடித்துவந்த பழைய கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. உன் மாடும் ஆடும் அங்கே நிற்கட்டும், வைக்கோலை இப்போதே கொண்டு போய்ப் போட்டுவிடு.

கீழ்விளை அண்ணன், இரவு 7:41
மாட்டுக்கு இடம் கிடைத்தால் எனக்கு வேறு தடை இல்லை, மாமா. ஏலாத் தோட்டில் (வயல் ஓடையில்) வாழைத்தடையும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கின்றன. கொடுத்த மனுவுக்கு இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்கு வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்தால் மதகு வரைக்கும் நாமே எடுத்துவிடலாம். பட்டியலில் எங்கள் அம்மாவையும் எழுதிக்கொள், தங்கச்சி. அவர்களால் நடக்க முடியாது. நாற்காலியோடு தூக்க என்னைத் தவிர இன்னும் ஒருவர் வேண்டும்.

டீச்சர் அக்கா, இரவு 7:43
என் மூத்த மகன் வருவான். அவன் பெயரை அம்மாவின் பெயருக்கு நேராக எழுதிவிடு, தங்கச்சி.